எதிரணிக்குப் போன பயிற்றுநர்

2018ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி. வாழைச்சேனையில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் அன்று இருக்கை கிடைக்கவில்லை. டாக்கா மிர்பூர் மைதானத்தில் நடந்த முத்தரப்புத் தொடரின் இறுதிப் போட்டியில் இலங்கை 79 ஓட்டங்களால் பங்களாதேஷை வென்றது. ஆனால் கடையிலிருந்தவர்களின் பேச்சு ஆடியவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. மைதானத்துக்குள் இறங்காத ஒருவரைப் பற்றியதாக இருந்தது. அவர்தான் சந்திக ஹத்துருசிங்க. சில மாதங்களுக்கு முன்புவரை பங்களாதேஷ் அணியின் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர், அன்று இலங்கை அணியின் பயிற்றுநராக அதே டாக்காவில் நின்றார்.

"அவங்களுக்கு இவர் துரோகிதானே" என்று இளைஞர் ஒருவர் சிரித்தார். கடதாசி ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சொல்ல வெளையாட்டுக்கும் எடுக்காத தம்பி" என்றார். கடையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

அந்தப் பெரியவரின் சொற்கள் இந்த வரலாற்றை முழுமையாகப் பார்க்கும்படி என்னைத் தூண்டின.

இலங்கைக்காக 26 டெஸ்ட் போட்டிகளில் ஆடிய ஹத்துருசிங்க, 2009இல் தேசிய அணியின் பயிற்றுநர் குழுவில் சேர்ந்தார். 2010இல் சிம்பாப்வே சுற்றுப்பயணம் முடிவதற்கு முன்பே, அவுஸ்திரேலியாவில் நடந்த பயிற்றுநர் பாடநெறி ஒன்றுக்காகப் புறப்பட்டுச் சென்றார். இலங்கைக் கிரிக்கெட் நிர்வாகம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அன்றைய அணித்தலைவர் குமார் சங்கக்கார அவருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. அவர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று நியூ சவுத் வேல்ஸ் அணியில் பணியாற்றினார்.

2014இல் பங்களாதேஷ் அவரைத் தலைமைப் பயிற்றுநராக அழைத்தது. அடுத்த ஆண்டு அந்த அணி உலகக் கிண்ணக் காலிறுதிக்கு முன்னேறியது. அதே ஆண்டில் பாகிஸ்தான், இந்தியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று அணிகளையும் சொந்த மண்ணில் ஒருநாள் தொடர்களில் வென்றது. 2017 மார்ச்சில், தனது நூறாவது டெஸ்ட் போட்டியில், கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கையையே முதன்முறையாகத் தோற்கடித்தது. நாம் வெளியே அனுப்பியவர் எதை உருவாக்கியிருந்தார் என்பதை நம் வீட்டு முற்றத்திலேயே கண்டோம்.

அதே ஆண்டில் இலங்கை அணி சொந்த மண்ணில் சிம்பாப்வேயிடம் ஒருநாள் தொடரை இழந்தது. அடுத்து வந்த இந்தியா மூவகைப் போட்டிகளிலும் சேர்த்து ஒன்பதுக்கு ஒன்பது என்ற கணக்கில் வென்று திரும்பியது. நிர்வாகத்தின் கண்கள் ஹத்துருசிங்கவின் பக்கம் திரும்பின. அவருடைய பங்களாதேஷ் ஒப்பந்தம் 2019 உலகக் கிண்ணம் வரை இருந்தது. ஆயினும் 2017 ஒக்டோபரில், பங்களாதேஷ் அணி தென்னாபிரிக்காவில் ஆடிக்கொண்டிருந்தபோதே அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். டிசம்பரில் இலங்கையின் பயிற்றுநரானார். அடுத்த மாதமே டாக்கா பயணம்!

பங்களாதேஷ் ரசிகர்கள் புண்பட்டதில் நியாயம் உண்டு. ஒப்பந்தம் பாதியில் நின்றது. தமது வீரர் ஒவ்வொருவரின் பலவீனத்தையும் அறிந்தவர் எதிர்ப்பக்கம் போய்விட்டார். நம் பக்கமோ, தன் நாட்டுக்குத் திரும்பியதில் என்ன பிழை என்று கேட்டது.

இத்தகைய வழக்கு கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க பேஸ்போல் உலகில் தியோ எப்ஸ்டீன் என்ற முகாமையாளர் 2004இல் பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணியின் 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்து வைத்தவர். 2011இல், ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு இருக்கையில், சிக்காகோ கப்ஸ் அணி அவரை அழைத்தது. பொஸ்டன் ஈடு கேட்டது. ஒரு முகாமையாளருக்கு ஈடாக எத்தனை வீரர்கள் என்று மாதக்கணக்கில் பேரம் நடந்தது. இணக்கம் ஏற்படாமல் விடயம் லீக் ஆணையாளரிடம் சென்றது. இறுதியில் 2012 பெப்ரவரியில் கிறிஸ் கார்பென்டர் என்ற இளம் பந்துவீச்சாளர் ஈட்டின் பிரதான பகுதியாகக் கைமாறினார். 2016இல் எப்ஸ்டீனின் சிக்காகோ 108 ஆண்டுகளுக்குப் பின் கிண்ணத்தை வென்றது.

பேரம் அழகானதல்ல. ஆனால் மனவருத்தத்தைக் கணக்காக மாற்றித் தீர்ப்பதற்கு அங்கே ஒரு வழி இருந்தது. டாக்காவுக்கும் கொழும்புக்கும் இடையில் அப்படியொரு நடுவர் இருக்கவில்லை. கணக்குத் தீராத இடத்தில் வசைச்சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

போகிறவர் கொண்டுபோகும் அறிவு யாருடையது என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. நானும் இளவயதில் ஒரு பத்திரிகையிலிருந்து போட்டிப் பத்திரிகைக்கு மாறியவன். என் குறிப்புப் புத்தகத்திலிருந்த தொலைபேசி இலக்கங்கள் தமக்கே சொந்தமென்று பழைய இடத்தில் வாதிட்டார்கள். ஓராண்டு கழிவதற்குள் அவற்றிற் பாதி பயனற்றுப் போயின.

ஹத்துருசிங்க கொண்டுவந்த அறிவும் அப்படித்தான். ஜனவரியில் பங்களாதேஷை 82 ஓட்டங்களுக்குச் சுருட்ட உதவியிருக்கலாம். மார்ச்சில் கொழும்பில் நடந்த நிதாஹஸ் கிண்ணத்தில் அதே பங்களாதேஷ் இலங்கையை இரு தடவைகள் தோற்கடித்தது. மஹ்முதுல்லா அடித்த ஆறு ஓட்டமும் அதன்பின் ஆடப்பட்ட நாகநடனமும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

எஞ்சிய கதை இரு தரப்புக்கும் பெருமை தருவதல்ல. 2019 உலகக் கிண்ணத்தின் பின் இலங்கை, ஒப்பந்தம் முடியும் முன்பே அவரை ஓரங்கட்டியது. அவர் பெருந்தொகை நட்டஈடு கோரினார். 2023இல் பங்களாதேஷ், தன்னை விட்டுப் போனவரையே மீண்டும் அழைத்துப் பதவி கொடுத்தது. 2024 ஒக்டோபரில் ஒழுக்கக் குற்றச்சாட்டுகளின் பேரில் நீக்கியது. அவர் அவற்றை மறுத்தார்.

2017இல் துரோகம் என்று பேசப்பட்டது 2023இல் மறக்கப்பட்டது. விளையாட்டில் அச்சொல்லின் ஆயுள் அவ்வளவுதான்.

எங்கள் மண்ணில் அப்படியல்ல. 2004 மார்ச்சில் கிழக்கில் இயக்கம் பிளவுண்டது. சித்திரையில் வெருகல் ஆற்றங்கரையில் நேற்றுவரை ஒரே தட்டில் உண்டவர்கள் மோதிக்கொண்டார்கள். அதன்பின் இந்த வட்டாரத்தில் அச்சொல் சூட்டப்பட்டவர்கள் அதைத் துடைத்துக்கொள்வதற்கு உயிரோடு இருக்க விடப்படவில்லை. அணி மாறியவரை ஒப்பந்தம் மீறியவர் என்று சொல்லலாம்; நன்றி மறந்தவர் என்றுகூடச் சொல்லலாம். அவற்றுக்கு மறுமொழி உண்டு, தீர்வும் உண்டு.

அன்று அந்தப் பெரியவர் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுப் பரிசளிப்பைப் பார்க்காமலே எழுந்து போனார். ஏனென்று அந்த இளைஞர் என்னிடம் கேட்டார். 2004இல் அவருக்கு வயது பத்துக்கும் குறைவாகவே இருந்திருக்கும்.