கார்னோவின் நூலும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியும்

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, முதல் விதிக்கு முன்னரே கருக்கொண்டது. பெயர்வரிசைக்கு மாறான இவ்வுண்மையைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாது விடுகின்றன. அவ்விதி தோன்றிய நூலோ வெப்பத்தைப் பற்றிய ஒரு பிழையான கொள்கையின்மேல் எழுந்தது. அடித்தளம் சரிந்த பின்னரும் மேற்கட்டு நின்றது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சாடி கார்னோ 1796இல் பாரிசில் பிறந்தார். அவர்தம் தந்தை லசார் கார்னோ பிரெஞ்சுப் புரட்சிப் படைகளை ஒழுங்குபடுத்தியவர். பொறிகளைப் பற்றி 1783இல் நூல் எழுதியவர். பாரசீகக் கவிஞர் சாடியின் பெயரையே மகனுக்கு இட்டார். மகன் 1824இல் நெருப்பின் இயக்காற்றலைப் பற்றிய சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அறுநூறு படிகளே அச்சாயின. கற்றோர் அதனைப் பொருட்படுத்தினாரல்லர்.

நீராவிப் பொறியின் திறனுக்கு எல்லை உண்டா என்பதே அந்நூலின் வினா. அக்காலத்தார் பலர், வெப்பம் என்பது கலோரிக் என்னும் எடையற்ற பாய்பொருள், அது அழிவதில்லை என்று கொண்டனர். கார்னோவும் அவ்வாறே கொண்டார். மேலிருந்து வீழும் நீர் உருளையைச் சுழற்றுவதுபோல, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கு இறங்கும் வெப்பம் பொறியை இயக்குகின்றது என்றார். முன்னும் பின்னும் ஒருங்கே இயங்கவல்ல பொறியை விஞ்சிய பொறி இல்லை. இருப்பின், ஒன்றால் மற்றொன்றைப் பின்னோக்கி ஓட்டி முடிவிலா வேலையைப் பெறலாகும். ஆதலின் திறனின் எல்லை இரு வெப்பநிலைகளையே பொறுத்தது. நீராவியோ காற்றோ என்பது பொருட்டன்று. துணிவான முடிவு இது.

1834இல் கிளாப்பிரோன் இதனைக் கணித வடிவில் எழுதினார். அதன்வழி அறிந்த வில்லியம் தாம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, 1845இல் பாரிசுப் புத்தகக் கடைகளில் மூலநூலைத் தேடியும் பெற்றிலர். இதனிடையே, வேலை வெப்பமாக மாறும் அளவை ஜூல் சோதனைகளால் நிறுவி வந்தார். வீழ்ந்த நீர் குறைவதில்லை; வேலை செய்த வெப்பமோ குறைதல் வேண்டும். இருவரும் ஒருங்கே மெய்யராதல் அரிதெனத் தாம்சன் 1849இல் கலங்கினார்.

முடிச்சை அவிழ்த்தவர் செருமானியராகிய கிளாசியசு. பெற்ற வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாகின்றது, எஞ்சியது குளிர்ந்த இடத்தை அடைகின்றது என்று 1850இல் காட்டினார். கார்னோவின் தருக்கத்தில் அவர் மாற்றியது ஒன்றே: விஞ்சிய பொறி இருப்பின், வேறு மாற்றம் எதுவுமின்றி வெப்பம் குளிர்ந்த பொருளினின்று சூடான பொருளுக்கு ஏறும், அது நிகழ்வதில்லை. முடிவு சிதையாது நின்றது.

அடுத்து, வெப்பத்தை அதன் தனிவெப்பநிலையால் வகுத்தார். 400 கெல்வினில் 1200 ஜூல் பெறும் மீள்பொறி ஒன்று, 300 கெல்வினில் 900 ஜூலை விடுத்து 300 ஜூல் வேலை தரும். ஈவு இருபுறமும் 3. வேலையின்றி வெப்பம் முழுதும் கடத்தலால் மட்டும் இறங்குமாயின் ஒருபுறம் 3 குறைய, மறுபுறம் 4 கூடும். மிகுந்த அந்த ஒன்று திரும்பக் குறைவதில்லை. இவ்வளவைக்கே 1865இல், மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாக, எனர்ஜி என்பதனோடு ஒலியொத்து, என்ட்ரோப்பி எனப் பெயரிட்டார். ஒழுங்கின்மை என்னும் பொருள் இச்சொல்லின் வேரில் இல்லை. 1877இல் போல்ட்சுமன் அணுக்களின் அமைவெண்ணிக்கையோடு இவ்வளவை இணைத்த பின்னரே அவ்விளக்கம் பரவியது. இன்று பலர் அதனையே முதற்பொருளாகக் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது.

கார்னோ 1832இல், தம் முப்பத்தாறாம் வயதில், வாந்திபேதியால் இறந்தார். எஞ்சிய கையெழுத்துக் குறிப்புகளை அவர் தம்பி 1878இல் அச்சிட்டார். கலோரிக் கொள்கையைக் கார்னோ தாமே கைவிட்டிருந்தமை அப்பொழுதுதான் தெரியவந்தது. ஒரு கிலோகலோரி வெப்பம் ஏறத்தாழ 370 கிலோகிராம்-மீட்டர் வேலைக்கு ஈடாகும் என்றும் அவர் கணித்திருந்தார். இன்று கொள்ளப்படும் அளவு 427. இவ்வீட்டினை மேயர் முதன்முதலாக அச்சில் வெளியிட்டது 1842இல், கார்னோ மறைந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னரே.