ஒத்துணர்வும் தன்தவிப்பும்

பிறர் துன்பத்தைக் காணும்போது எழும் இருவேறு உணர்வுகளைச் சமூக உளவியல் ஒத்துணர்வு என்றும் தன்தவிப்பு என்றும் பிரிக்கிறது. துன்பப்படுபவர் பக்கம் மனம் சாய்ந்து, இரக்கமும் கனிவும் மேலிடுவது ஒத்துணர்வு. அதே காட்சி பார்ப்பவரையே உலுக்கிப் பதறவைப்பது தன்தவிப்பு. தீப்புண்ணின் கட்டைப் பிரிக்கும்போது நோயாளியின் முகத்தைக் கவனித்து, அவர் முனகியதும் கையை நிறுத்துபவரிடம் இருப்பது முன்னது. அடிவயிறு கலங்கி அறையை விட்டு வெளியேறுபவரிடம் இருப்பது பின்னது. இரண்டும் ஒருவரிடம் ஒருசேர எழுவதும் உண்டு.

எலைன் சோதனை

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் பேட்சன் குழுவினர் நடத்தி 1981-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டைத் துலக்கியது. எலைன் என்ற பெண் மின்னதிர்ச்சி வாங்குவதை 44 மாணவியர் திரையில் பார்த்தனர்; அது நடிப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது. சிறுவயதில் குதிரையிலிருந்து மின்வேலியில் விழுந்த கதையை எலைன் சொன்னதும், மீதி அதிர்ச்சிகளை அவருக்குப் பதில் ஏற்க முடியுமா என்று மாணவியரிடம் கேட்கப்பட்டது. பாதிப் பேர் இரண்டு சுற்று பார்த்ததும் போய்விடலாம். மற்றவர்கள் பத்துச் சுற்றையும் பார்த்தாக வேண்டும்.

தன்னைப் போன்றவரிடம் ஒத்துணர்வு மிகும் என்ற கணிப்பில், எலைன் தங்களைப் போன்றவர் என்று சிலருக்கும், மாறானவர் என்று மற்றவர்களுக்கும் முன்பே காட்டப்பட்டது. தங்களைப் போன்றவர் என்று அறிந்தவர்களில், போக வழியிருந்தும் 11 பேரில் 10 பேர் அதிர்ச்சியை ஏற்க முன்வந்தனர். தங்களுக்கு மாறானவர் என்று அறிந்தவர்களில், போக வழியிருந்தபோது 2 பேரும், இல்லாதபோது 7 பேரும் முன்வந்தனர். தன்தவிப்பு தன் வேதனையைத் தணிக்கவே உதவுகிறது, ஒத்துணர்வோ பிறர் வேதனை தீரவே உதவுகிறது என்பது பேட்சனின் முடிவு. ஒத்துணர்வால் வரும் உதவியும் தன் சோகத்தைப் போக்கவே என்று உளவியலாளர் ராபர்ட் சியால்டினி மறுத்தார்.

அளவிடல்

மார்க் டேவிஸ் 1980-இல் அமைத்த 28 கூற்று வினாநிரல் ஒத்துணர்வையும் தன்தவிப்பையும் தனித்தனியே அளக்கிறது. நான்சி ஐசன்பெர்க்கின் ஆய்வுகளில், பரிவோடு கவனிக்கையில் இதயத்துடிப்பு தணியும் போக்கும், தவிப்பில் கூடும் போக்கும் காணப்பட்டன.

பயன்

‘இது எனக்கு நேர்ந்தால்?’ என்று எண்ணுவோரிடம் ஒத்துணர்வோடு தவிப்பும் பெருகுகிறது. ‘இவருக்கு எப்படி இருக்கும்?’ என்று எண்ணுவோரிடம் ஒத்துணர்வே ஓங்குகிறது. பேட்சன் குழுவினரின் 1997 ஆய்வு காட்டிய இவ்வேறுபாடு நோயாளிகளைப் பராமரிப்போருக்கு மிகவும் வேண்டியது. பதறுவது கல்மனத்தின் அடையாளம் அன்று. ஆனால் பதற்றம் தன்மீதே கண் வைத்திருக்கும்வரை, கட்டிலில் கிடப்பவர் கவனிப்பாரின்றியே கிடப்பார்.