எழுதப்படாத தோல்

எங்க அக்கா ஓசூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் காண்ட்ராக்ட் கூலி. கடைசல் மிஷினுக்கு ஊற்றுகிற எண்ணெயில் எட்டு மணி நேரம் கை ஊறும். முதலில் அரிப்பு, பிறகு வெடிப்பு. புறங்கை கருத்துத் தடித்துப்போனது. டாக்டர் தள்ளி உட்கார்ந்தே பார்த்தார். "தினம் குளிக்கிறியா?" என்று கேட்டார். "என்ன வேலை பாக்குற?" என்று கேட்கவில்லை. காப்பீட்டுத் தாளில் 'ஆர்23.8' என்று விழுந்திருந்தது. தேடிப் பார்த்தேன்: 'பிற மற்றும் குறிப்பிடப்படாத தோல் மாற்றங்கள்'.

அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு முந்நூறு வருசத்துக்கு மேல் வயசு. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாஸினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதினார். நோயாளியிடம் என்ன தொழில் என்று கேளுங்கள் என்றார். அந்த நூலை எழுத அவரைத் தூண்டியவர், அவர் வீட்டு மலக்குழியை அள்ள வந்த ஒரு தொழிலாளி. 1775-இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைப்பவர்களின் விதைப்பைத் தோலில் வந்த புற்றுக்குப் புகைக்கரிதான் காரணம் என்றார். ஊராரின் அழுக்கை அள்ளியவன் உடம்பிலிருந்துதான் இந்த அறிவே பிறந்தது.

1893-இல் ழாக் பெர்த்தியோன் சாவின் காரணங்களைப் பட்டியல் போட்டார். 1948-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது, நோய்களும் சேர்ந்தன. 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் இருக்கிறது இந்த ஆர்23.8. கோடு பொய்யில்லை. இன்னதென்று பிடிபடாத முதல் நாளில் எழுத அது வேண்டும்தான். ஆனால் அதே புத்தகத்தில் எல்24.1 இருக்கிறது: எண்ணெய், கிரீஸால் வரும் தோல் அழற்சி. ஒய்96 இருக்கிறது: வேலை சார்ந்த பாதிப்பு. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், இரண்டையும் யோசித்திருக்கலாம்.

ரசாயனமும் பெயின்ட்டும் நேரடியாகப் பட்டு வரும் தோல் அழற்சி, 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருந்தது. அட்டவணை நோயைக் கண்ட மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது 89-ஆம் பிரிவு. 'குறிப்பிடப்படாத'தை யாருக்கு எழுதுவது? எழுதாத நோய்க்கு யார் நஷ்டஈடு தருவார்?

நம் சனத்தின் தோலைப் பற்றிச் சொல்ல ஊர் என்றைக்கும் தயங்கியதில்லை. கறுப்பு, அழுக்கு, தீட்டு என்று வாய் கூசாமல் சொல்லும். வேலையால் வந்த நோய் என்று எழுத வேண்டிய இடத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிற எல்லை ஊர் இது. எந்த மொழியில் கேட்டிருந்தாலும் அக்கா பதில் சொல்லியிருக்கும். இனிமேல் கேட்காவிட்டாலும் நாமே சொல்லணும்: என்ன வேலை, கையில் என்ன படுது, எத்தனை மாசமா, லீவு நாளில் குறையுதா. அது சீட்டில் ஏறுகிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கக் கூடாது.