கருத்தடைச் சத்திரசிகிச்சையின் பின் நாயைப் பராமரித்தல்

நலமடித்த நாய்க்கு முதல் இரவு மயக்கம் முழுதாகத் தெளிந்திராது. சத்தி எடுக்கக்கூடும் என்பதால் வழமையான உணவில் பாதி போதும். காயம் ஆற 10 முதல் 14 நாட்கள் செல்லும். அதுவரை ஓட்டம், பாய்ச்சல், குளிப்பாட்டல் வேண்டாம். பாவம் பார்த்துக் கழுத்துக் கூம்பைக் கழற்றினால், நக்கியே தையலைப் பிரித்துவிடும்.

ஊர்ப் பழக்கத்தில் நாம் காயத்துக்கு மஞ்சள் பூசுவோம், இதற்குப் பூசக்கூடாது. நாம் விழுங்கும் பனடோல், இபுபுரூஃபன் நாயின் உயிருக்கே ஆபத்து. மிருக வைத்தியர் தந்த மருந்தை மட்டும் கொடுப்போம். காயத்தை நாளுக்கு இருமுறை பார்ப்போம். இரத்தம், சீழ், கூடிவரும் வீக்கம், வெளிறிய முரசு, ஒரு நாளுக்கு மேல் உண்ணாமை கண்டால் உடனே வைத்தியரை அழைப்போம்.

பகலில் நாயுடன் தனியே இருப்பவர் பெரும்பாலும் அம்மம்மாதான். இவற்றைத் தமிழில் எழுதி, வைத்தியரின் இலக்கத்துடன் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்போம்.