ஒரு படம், பல குரல், ஒரே காலம்

தொலைக்காட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் திரையில் தோன்றுவோரையே நினைவு கூர்கிறோம். அவர்தம் உருவமும் குரலும் ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கும், ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்திற்கும் எவ்வாறு சிதையாமல், காலந் தவறாமல் கொண்டு செல்லப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இக்கலைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. கம்பியும் கருவியும் அவ்வரலாற்றின் உடல் என்றால், மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகளே அதன் உயிர் எனலாம்.

தொலைபேசிக் கம்பியில் தொடக்கம்

1923 ஜனவரி 4ஆம் நாள் நியூயார்க் வானொலி நிலையம் ஒன்றின் நிகழ்ச்சி, தொலைபேசிக் கம்பி வழியாகப் பாஸ்டன் நகருக்குச் சென்று, அங்கும் அதே நேரத்தில் ஒலிபரப்பாயிற்று. அவ்வாண்டிலேயே பிரிட்டனிலும் பி.பி.சி. நிறுவனம் தன் நிலையங்களைத் தொலைபேசிக் கம்பிகளால் இணைத்து ஒரே நிகழ்ச்சியைப் பல நகரங்களில் ஒலிக்கச் செய்தது. வானொலியில் நாம் ‘நேரடி அஞ்சல்’ எனக் கேட்டுப் பழகிய முறை இவ்வாறு உருப்பெற்றதே ஆகும்.

ஒலியைச் சுமக்கத் தொலைபேசிக் கம்பி போதுமானதாயிற்று. ஒலிக்கு வினாடிக்குச் சில ஆயிரம் அதிர்வுகளுக்கு இடமிருந்தால் போதும். படத்திற்கோ பல இலட்சம் வேண்டும். ஆகவே தனிவகைக் கேபிள்களும், மலைக்கு மலை நின்று சமிக்ஞையை வாங்கி அனுப்பும் நுண்ணலைக் கோபுரங்களும் எழுந்தன. 1951 செப்டம்பர் 4ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அதிபர் ட்ரூமன் ஆற்றிய உரை, இத்தகைய கோபுரத் தொடர் வழியாக அமெரிக்காவின் மறுகரை வரை நேரடியாகக் காட்டப்பட்டது.

வரிக் கணக்கு வேற்றுமை

அமெரிக்கா ஒரே நாடு. ஆதலால் அங்கு ஒரே அளவு நடைமுறையில் இருந்தது. ஐரோப்பாவின் நிலை வேறு. தொலைக்காட்சி, படத்தைக் கிடைவரிகளாகப் பகுத்து அனுப்புகிறது. பிரிட்டன் 405 வரிகளையும், பிரான்ஸ் 819 வரிகளையும், வேறு பல நாடுகள் 625 வரிகளையும் மேற்கொண்டிருந்தன. ஒரு நாட்டின் படத்தை மற்றொரு நாட்டின் கருவி புரிந்துகொள்ள இயலாது. 1953 ஜூன் 2ஆம் நாள் நிகழ்ந்த எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழா பிரான்ஸ், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளுக்கும் அஞ்சல் செய்யப்பட்டபோது இவ்வேற்றுமையைக் கடக்க வேண்டியதாயிற்று. அந்நாளில் கையாண்ட வழி எளியது. ஆயினும் இழப்பு மிக்கது. ஒரு முறையில் வந்த படத்தைத் திரையில் தோன்றச் செய்து, அத்திரையையே மற்றொரு முறையில் இயங்கும் கேமராவால் மீண்டும் படம் பிடித்தனர். ஒவ்வொரு மாற்றத்திலும் படம் சற்று மங்கிற்று. உடன்பாடு இல்லாமைக்குச் செலுத்திய விலை அது.

அடுத்த ஆண்டு, 1954 ஜூன் 6ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோ நகர மலர் விழாவுடன் யூரோவிஷன் இணைப்பு தொடங்கியது. எட்டு நாடுகள் அதில் பங்கு கொண்டன. இவ்விணைப்பை முன்னின்று நடத்திய ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1950இல் அமைக்கப்பட்டதாகும். இங்கு ஒரு நுட்பம் மொழியாசிரியர்களாகிய நம் கருத்துக்கு உரியது. படம் ஒரு வழியில் சென்றது. கைதட்டல், இசை முதலான பொது ஒலி வேறொரு வழியில் சென்றது. ஒவ்வொரு நாட்டு வருணனையாளரின் குரலும் தனித்தனிக் கம்பியில் அவரவர் நாட்டிற்குச் சென்றது. ஆகவே படம் பொதுவாயினும் மொழி பொதுவாக வேண்டியதில்லை என்றாயிற்று.

நேரமும் எண்ணும்

பல கேமராக்களின் படங்களை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டுமாயின், அவை யாவும் ஒவ்வொரு படத்தையும் ஒரே கணத்தில் தொடங்க வேண்டும். இல்லையேல் மாற்றும்போது திரையில் படம் துள்ளும். இதற்காக நிலையத்தின் நடுவிலிருந்து ஒத்திசைவுத் துடிப்பு ஒன்று எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பப்பட்டது. பள்ளி மணி ஒன்றே எல்லா வகுப்புகளையும் நடத்துவதை இதற்கு ஒப்பிடலாம்.

படம் எண்களாக மாற்றப்படும் காலம் வந்தபோது பழைய பிளவு மீண்டும் தலைதூக்க இடமிருந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் 525 வரிகளிலும், ஐரோப்பா 625 வரிகளிலும் நின்றன. ஆயினும் 1982இல் அனைத்துலக வானொலி ஆலோசனைக் குழு இரண்டிற்கும் பொருந்தும் அளவொன்றை வகுத்தது. வினாடிக்கு 1 கோடியே 35 இலட்சம் முறை ஒளியின் அளவை எடுப்பது என்பதே அது. இவ்வெண் இருவகை வரிக் கணக்குகளுக்கும் மீதியின்றி வகுபடும். எண்கணிதம் உலக நாடுகளை இணைத்த அரிய நிகழ்ச்சி இது. இதனை அடிப்படையாகக் கொண்டு, 1989இல் வெளிவந்த தரத்தின்படி, ஒரே கேபிளில் வினாடிக்கு 27 கோடி துணுக்குகளாகப் படம் ஓடலாயிற்று. ஒலியும் அதனுள்ளேயே அமர்த்தப்பட்டது.

ஆனால் அக்கேபிள் ஒருவழிப் பாதை. ஒரு கேபிளில் ஒரு சமிக்ஞையே செல்லும். நூறு மூலங்களை நூறு இடங்களுக்கு விருப்பப்படி இணைக்க, பத்தாயிரம் சந்திப்புகள் கொண்ட இணைப்பு எந்திரம் தேவைப்பட்டது.

வருகைப் பதிவேடு

கணினி வலைப்பின்னல்கள் விரைவு பெற்றபின், படத்தையும் ஒலியையும் சிறு சிறு பொட்டலங்களாக்கி அவற்றில் அனுப்பலாம் என்ற எண்ணம் வலுத்தது. 2013இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் அமெரிக்கப் பொறியாளர் அமைப்புகளும் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைத்தன. 2017இல் எஸ்.எம்.பி.டி.இ. 2110 என்னும் தரம் வெளிவரத் தொடங்கியது. இத்தரத்தின்படி படம், ஒலி, துணைத் தரவு ஆகியவை தனித்தனி ஓடைகளாகச் செல்கின்றன. ஒரு பொதுக் கடிகாரத்தைப் பின்பற்றி ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் நேரம் பொறிக்கப்படுகிறது. வெவ்வேறு வழியில் வந்த உதட்டசைவும் சொல்லும் சேருமிடத்தில் மீண்டும் பொருந்துவது இந்நேரக் குறியினால்தான். 1954இல் தனித்தனிக் கம்பிகளில் சென்ற படமும் குரலும் இங்கே மீண்டும் பிரிந்து நடக்கின்றன.

எனினும் புதியதோர் இடர் தோன்றியது. முன்பு கேபிளைப் பற்றிச் சென்றால் எந்தக் கேமரா எங்கே இணைந்துள்ளது எனக் கண்டுவிடலாம். வலைப்பின்னலில் எல்லாக் கருவிகளும் கூடியிருக்க, யார் எவர் என அறிவது எப்படி? ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வகுத்தால், ஒரு நிறுவனத்தின் கருவியை வாங்கிய நிலையம் என்றும் அந்நிறுவனத்தையே சார்ந்திருக்க நேரும். இதனைத் தவிர்க்கவே ‘நெமோஸ்’ எனப்படும் திறந்த விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வருகைப் பதிவேடு போன்றது. கருவி வலைப்பின்னலில் சேர்ந்தவுடன் தன் பெயரையும், தான் அனுப்பவும் பெறவும் வல்லவற்றையும் பதிவு செய்கிறது. பின்னர் வழக்கமாக ஐந்து வினாடிக்கொருமுறை ‘உள்ளேன்’ என்கிறது. பன்னிரண்டு வினாடி குரல் இல்லையெனில் அதன் பெயர் நீக்கப்படுகிறது. மற்றொரு விதி, எந்த ஓடையை எந்தக் கருவி, எந்தக் கணத்தில் பெறத் தொடங்க வேண்டும் என்பதை ஒரே முறையில் அறிவிக்க உதவுகிறது.

நமக்குரிய பாடம்

மலேசியா, சிங்கப்பூர் போன்ற பன்மொழி நாடுகளில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானது அன்று. ஒரே நிகழ்ச்சியின் படத்திற்கு மலாயும் சீனமும் தமிழும் ஆங்கிலமும் தத்தம் குரலைத் தர வேண்டிய சூழல் நம்முடையது. குரலுக்குத் தனிப் பாதை இருந்தால் சிறுபான்மை மொழிக்கும் இடம் உண்டு. கருவிகள் பொது விதிக்கு உட்பட்டால் சிறிய நிலையத்திற்கும் வாழ்வு உண்டு. ஆயினும் பாதை இருப்பதனால் மட்டும் குரல் பிறந்துவிடாது. அக்குரலைத் தரும் நாவைப் பயிற்றுவது வகுப்பறையின் கடமை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். அத்தேரின் வடத்தில் தமிழ் மாணவனின் கையும் இருத்தல் வேண்டும்.