மேற்குக் கரையிலிருந்து வந்தவர்கள்

சாசனம் படிப்பவர்களில் பலர் ராஜாவின் மெய்க்கீர்த்தியிலேயே லயித்துப்போய், கீழே கணக்கர் எழுதிய பகுதிக்கு வருவதற்குள் களைத்துவிடுகிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு அந்தக் கணக்கில்தான் ருசி. பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1068-ஐ ஒட்டியது. ‘வீரசோழன்’ என்ற ஆதுரசாலைக்கு ஆன செலவுகளை அது சொல்கிறது. படுக்கைகள் 15. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சத்திரசிகிச்சை செய்பவன் ஒருவன், பச்சிலை கொண்டுவர ஆட்கள், நாவிதன் ஒருவன். நோயாளிகளைக் கவனித்து மருந்து காய்ச்ச இரண்டு பெண்கள். வைத்தியர் பெயர் கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்று கல் சொல்லுகிறது. அந்தப் பெண்கள் இருவருக்கும் பெயர் இல்லை. எந்த ஊர்க்காரிகள் என்றும் இல்லை.

பெண்களின் பெயரை வெட்டத் தெரியாத காலம் அல்ல அது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சாவூருக்கு வரவழைத்தான். பெரிய கோயில் சுவரில் அவர்கள் பெயர், சொந்த ஊர்க் கோயில், குடியிருந்த வீடு எந்தத் தெருவில் எந்தச் சிறகில் என்பது வரை எழுதியிருக்கிறது. அதே தஞ்சையில் குந்தவைப் பிராட்டி தகப்பனார் சுந்தர சோழன் பெயரால் ஓர் ஆதுரசாலை வைத்தாள். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குப் பிராட்டியின் வைத்திய அக்கறை தெரிந்ததுதான்.

ஊர் விட்டு ஊர் வந்து தஞ்சாவூரில் சேவகம் செய்த பெண்களில் பிந்திய வரிசை ஒன்று, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் பாட்டி, ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு யாரைக் கண்டாலும், “மலையாளத்துப் பொண்ணா நீ?” என்றுதான் ஆரம்பிப்பாள். கேள்விக்குக் காரணம் இருந்தது.

1946-ல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்குக் கொடுத்தது. பிரிட்டனில் 300 பேருக்கு ஒருத்தி இருந்தாள். டெல்டாவின் மிராசு வீடுகளில் நெல்லுக்குக் குறைவில்லை. தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியின் பெயரிலேயே கொடுத்தவர்கள் யார் என்று தெரிகிறது. பணம் கொடுத்தார்கள், பெண்ணைக் கொடுக்கவில்லை. அந்நிய ஆண்பிள்ளையின் புண்ணைத் தொட்டுக் கழுவுவது, ராத்திரி டியூட்டி பார்ப்பது, எந்த ஜாதி என்று கேளாமல் மலசட்டி எடுப்பது — அக்கிரகாரமும் சரி, பண்ணை வீடும் சரி, இதற்குச் சம்மதிக்கவில்லை. திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில் நிலம் பாகப் பிரிவினையில் சிறுத்துக்கொண்டே வந்தது. பெண்களோ பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். சேவை தெய்வ காரியம் என்று பாதிரிமார் சொன்னதும் துணையாயிற்று. ஆனால் வீட்டுக்கு மணியார்டர் வரவேண்டியிருந்தது என்பதே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

காகிதமும் இடம் கொடுத்தது. 1926-ல் சென்னை மாகாணத்தில் நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்து, பயிற்சி பெற்றவர்கள் பெயர் பதிவேட்டில் ஏறலாயிற்று. கல்லில் இல்லாவிட்டாலும் ரிஜிஸ்தரில் பெயர் வந்துவிட்டது. மலபார் ஜில்லா 1956 நவம்பர் 1 வரை சென்னையோடு இருந்தபடியால், கோழிக்கோடும் தஞ்சாவூரும் ஒரே சர்க்காரின் ஊர்கள்தாம். திருவிதாங்கூர்ப் பெண்களுக்கு, 1904-ல் போட்ட கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை இருந்தது. குகைகளைத் தாண்டித் தென்காசி, மதுரை, திருச்சி என்று வந்தால் தஞ்சாவூர். தகரப் பெட்டி ஒன்று, உள்ளே தேங்காயெண்ணெய்க் குப்பி ஒன்று இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்வதில் தவறில்லை.

இடவப்பாதி மழை கொட்டும் ஜூன் மாதத்தில் புறப்பட்டவள் இங்கே வந்து இறங்கினால் வெயிலும் புழுதியும்தான். மழை ஐப்பசிக்குத்தான் வரும். ஆனால் ஆற்றில் புதுத்தண்ணீர் ஓடும். மேற்கு மலையில், குடகில், பெய்த அதே தென்மேற்கு மழை மேட்டூரில் தேங்கி, அவளைப் போலவே கிழக்கே வந்திருக்கிறது. வயலும் அவளுக்குப் புதிதல்ல. குட்டநாட்டுக்காரிக்கு நாற்றங்காலைக் காட்ட வேண்டுமா? கும்பகோணத்தில் யானைக்கால் நோயாளியைப் பார்த்ததும் மிரண்டிருக்கவும் மாட்டாள். சேர்த்தலைப் பக்கத்திலும் அது உண்டு. வெள்ளைக்காரர்கள் அதற்குக் ‘கொச்சிக் கால்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். பாஷை ஒன்றுதான் தகராறு. வலியை நோயாளி எந்தப் பாஷையில் சொன்னாலும் புரிந்துவிடும். உறவுக்காரர்கள் கேட்கிற ஆயிரம் கேள்விகளுக்குத்தான் தமிழ் வேண்டியிருந்தது.

1959-ல் தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி வந்தது. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962-ல் ஆஸ்பத்திரியையே கதைக்களமாக்கிற்று. காவேரிக்கரைப் பெண்களும் மெதுவாக வெள்ளை உடுப்புக்கு வந்தார்கள். மலையாளத்துப் பெண்கள் அதற்குள் ஜெர்மனிக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரச் சண்டையிலிருந்து மீண்டு கொச்சியில் வந்து இறங்கிய 46 நர்ஸுகளில் ஒருத்தி தூத்துக்குடிப் பெண்.

கூலி விவகாரம் மட்டும் கணக்கர் எழுதிய இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. 2015-ல் தமிழ்நாடு அரசு ஆயிரக்கணக்கான நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்து, பல ஜில்லாக்களுக்கும் அனுப்பியது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்து, வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டார்கள்.