நடுச்சாமத்தில் விடும் விறைப்பு

கையில் சத்திரசிகிச்சை செய்யும் நேரம் நோவை நிப்பாட்டுறது இப்ப பெரிய காரியமில்லை. கழுத்தடியிலோ கமக்கட்டிலோ நரம்புகளைச் சுற்றி ஊசி போட்டால் கை விறைத்துவிடும். சிக்கல் பிறகுதான். காலையில் போட்ட ஊசியின் விறைப்பு இரவில் விடும், நோவு மொத்தமாய் வந்து இறங்கும். இந்த ஊசியின் வரலாற்றை, அந்த இரவோடு நடந்த இழுபறியாகத்தான் நாங்கள் வாசிக்கிறோம்.

1884இல் கார்ல் கொல்லர், கொக்கெயின் கண்ணை விறைக்கச் செய்யும் என்று காட்டினார். சில மாதங்களிலேயே நியூயோர்க்கில் வில்லியம் ஹால்ஸ்டட் அதை நரம்புகளுக்குப் பக்கத்தில் ஏற்றினார். தன்னிலேயே பரிசோதித்தவர், கடைசியில் அதுக்கே அடிமையாகிப் போனார். 1903இல் ஹைன்ரிக் பிரவுன் விறைப்பு மருந்தோடு அட்ரினலினைக் கலந்தார். இரத்தக்குழாய்கள் சுருங்க, மருந்து போட்ட இடத்திலேயே கூடநேரம் நின்றது. 'இன்னொன்றைச் சேர்த்தால் நேரம் கூடும்' என்ற யோசனைக்கு அது வலுவான தொடக்கம். 1957இல் உருவான பியூபிவகெயின் பல மணிநேரம் தாக்குப்பிடித்தது. ஆனால் விடியும்வரை எண்டு நம்ப ஏலாது.

ஸ்டீரொயிட் வேறு வழியால் வந்தது. 1948இல் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளிக்குக் கோர்ட்டிசோன் கொடுத்தார். 1950இல் நோபல் பரிசு. அதன் வலுவான உறவுக்காரன்தான் கொவிட் காலத்தில் நாங்கள் கேள்விப்பட்ட டெக்ஸாமெதசோன். 2006இல் தெஹ்ரான் வைத்தியர்கள், கமக்கட்டு ஊசியில் லிடொகெயினோடு அதில் 8 மில்லிகிராம் சேர்த்தார்கள். சுமார் 100 நிமிட விறைப்பு 240 நிமிடமானது. 2011இல் தோள் சத்திரசிகிச்சையில் அது ஏறத்தாழ 22 மணிநேரம்வரை போனது. இரவைத் தாண்டியாச்சு.

கதை அதோடு முடியவில்லை. 2013இல் பெல்ஜியத்தில், அதே ஸ்டீரொயிட்டை நரம்படியில் போடாமல் நாளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே பலன்! 2017இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நரம்படி ஊசிக்குக் கிடைத்த மேலதிக நேரம் சுமார் 3 மணிநேரம்தான். அதுக்காக, நரம்படியில் போட அனுமதி பெறாத மருந்தை அங்கே போட வேணுமா? வைத்தியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நாளத்தில் ஏற்றினாலும் நீரிழிவுக்காரருக்குச் சீனி ஏறலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

இவ்வளவு தூரம் வந்தும், விறைப்பு ஒருநேரம் விடத்தான் போகுது. ஆகவே வீட்டில் யாருக்கும் கைச் சத்திரசிகிச்சை என்றால் மயக்கமருந்து வைத்தியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கோ: எப்ப விறைப்பு விடும்? அதுக்கு முன்னம் எந்த நோவுக் குளிசையைப் போட வேணும்?